மூன்று நிமிடம்தான் கிடைக்கும்: சிட்டி கவுன்சிலில் பேசப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஓர் ஊரில் குடியேறி ஒரு வருடம் ஆவதற்குள் ஏதாவது ஒரு தெருப் பிரச்சினை கண்ணை உறுத்த ஆரம்பித்துவிடும். பூங்காவுக்கு எதிரே சாலையை நடந்து கடக்கக் கோடு போட்ட கிராஸ்வாக் இல்லை. மழை பெய்தால் தெருமுனையில் குளம். நூலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் எடுத்துப் போடுவார், இருபது பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். "சிட்டி கவுன்சில் மீட்டிங்கில் போய்ப் பேச வேண்டியதுதானே" என்று யாராவது கேட்டதும் குழு கப்சிப்.

அந்தக் கப்சிப்பில் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றவன் நான். ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. பிள்ளைகள் பூங்காவுக்குப் பத்திரமாகப் போக கிராஸ்வாக் வேண்டும் என்று உருக்கமாகவே பேசினேன். மேயர் நன்றி சொன்னார். வெளியே வந்தபோது நகரப் பொதுப்பணித் துறை ஊழியர் ஒருவர் தாழ்வாரத்தில் நிறுத்தி, மரியாதையாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்தச் சாலை மாநில அரசின் நெடுஞ்சாலை, ஊருடையது இல்லை. இரண்டு, ஜூலையில் தொடங்கும் பட்ஜெட்டில் சேர வேண்டிய வேலைகளின் பட்டியல் பிப்ரவரியிலேயே உருவாகிவிட்டது. ஆக, பேசியதெல்லாம் சரிதான். தட்டியது தவறான கதவு, அதுவும் நான்கு மாதம் கழித்து.

மைக் முன்னால் பேசுவது இந்த வேலையில் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் அதைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில், இது யாருடைய வேலை?

எல்லாமே 'சிட்டி'தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஒரே தெருவுக்கு நாலைந்து அரசாங்கங்கள் இருக்கும். பள்ளிக்கூடம் பெரும்பாலான இடங்களில் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியத்தின் கையில் இருக்கிறது. அதற்குத் தனி பட்ஜெட், தனிக் கூட்டம். ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிக் கவுன்சிலில் பேசினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேருந்து பல இடங்களில் தனிப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பு. தண்ணீர் சில ஊர்களில் நகரத் துறை, சிலவற்றில் தண்ணீருக்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டிக்கு வேறு வேலைகள். ஊருக்கு நடுவே ஓடும் பெரிய சாலை மாநிலத்துடையதாக இருக்கலாம், என் கதை போல. எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் நடத்தும் குடியிருப்புக்குள் இருக்கும் தெருக்கள் பல இடங்களில் தனியார் தெருக்கள். அங்கே பள்ளம் விழுந்தால் மாதாமாதம் நீங்கள் கட்டும் பணத்திலிருந்துதான் அடைக்க வேண்டும், கவுன்சில் ஒன்றும் செய்யாது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, புகார் கொடுத்துப் பார்ப்பதுதான். 1996-இல் பால்டிமோர் நகரம் அவசரமில்லாத புகார்களுக்கென்று 311 என்ற எண்ணைத் தொடங்கியது. இன்று பல ஊர்களில் அந்த எண் இருக்கிறது, இல்லாத ஊர்களில் ஒரு செயலியோ இணையப் படிவமோ இருக்கும். படத்தோடு புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வேலை இல்லையென்றால் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் வேலைதான் என்றால் ஒரு கோரிக்கை எண் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். "இதைப் பற்றி மூன்று முறை எழுதினேன், எண்கள் இவை" என்று பிறகு ஒருநாள் சொல்லும்போது மேடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்ப்பீர்கள்.

எரியாத தெருவிளக்கு, பள்ளம், யாரோ ஓரத்தில் போட்டுவிட்டுப் போன சோபா போன்றவை 311-லேயே முடிந்துவிடும். அவற்றுக்காகக் கவுன்சில் படியேற வேண்டாம். புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியவையும் விதியை மாற்ற வேண்டியவையும்தான் கவுன்சிலுக்கு உரியவை.

விசாவில் இருக்கிறேன், பேசலாமா?

பேசலாம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கவுன்சிலில் கருத்துச் சொல்வது வாக்களிப்பது போன்றதல்ல. குடியுரிமையோ கிரீன் கார்டோ யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாடகைக்கு இருப்பவரும் அந்த ஊர்க் கடையில் விற்பனை வரி கட்டுகிறவர்தான்.

கூட்டங்களைத் திறந்து நடத்த வேண்டும் என்ற சட்டம் 50 மாநிலங்களிலும் உண்டு. ஆனால் பேச விட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம் நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம், இல்லாத விஷயம் இரண்டையும் பற்றிப் பேச இடம் தருகிறது. ஃப்ளோரிடா 2013-இலும் டெக்சாஸ் 2019-இலும் பேசும் உரிமையைச் சட்டத்தில் எழுதின. டெக்சாஸ் சட்டம் நிரலில் உள்ள விஷயங்களுக்கு மட்டும்தான். மற்றதைப் பேச விடுவது அந்தந்த ஊரின் விருப்பம். உங்கள் ஊரின் விதி என்ன என்று சிட்டி கிளார்க் அலுவலகத்தைக் கேட்டால் சொல்வார்கள். இந்தக் கிளார்க் என்பவர் சாதாரண எழுத்தர் இல்லை. கூட்டம், ஆவணம், தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதிகாரி. அவர் அலுவலகத்தோடு நட்பாக இருங்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறதா? கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்கு மற்றவர்களைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உடனுக்குடன் காதில் மொழிபெயர்க்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அம்மாவையோ அப்பாவையோ தமிழில் பேச வைத்து நீங்கள் மொழிபெயர்க்க நினைத்தால் கிளார்க்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டே இரண்டு எச்சரிக்கை. கூட்ட வாசலில் யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தையோ வாக்காளர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டிய மனுவையோ நீட்டினால், குடியுரிமை இல்லாதவர்கள் நாசூக்காக மறுத்துவிடுங்கள். அதேபோல, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டினர் உள்ளூர்க் கவுன்சிலர் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக் கூடாது, அது மத்தியச் சட்டம். கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பட்ஜெட் எப்போது பிறக்கிறது

நான் வழுக்கி விழுந்த இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊரின் நிதியாண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான ஊர்களுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் ஜூலை 1. டெக்சாஸில் பெரும்பாலும் அக்டோபர் 1, ஃப்ளோரிடா ஊர்களுக்கும் அதுவே. சிகாகோவுக்கும் சியாட்டிலுக்கும் ஜனவரி 1. தேதி தெரிந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூலையில் தொடங்கும் ஊர் என்றால், ஜனவரி பிப்ரவரியில் துறைகள் தங்கள் தேவைகளை எழுதிக் கொடுக்கும். ஏறக்குறைய அதே நேரத்தில் கவுன்சில் தன் முன்னுரிமைகளை முடிவு செய்ய ஒரு கூட்டம் போடும். ஏப்ரல், மே மாதங்களில் வரைவு பட்ஜெட் வெளிவரும். மே மாதம் கவுன்சில் அந்த வரைவை அலசும் பயிலரங்குகள். ஜூனில் பொது விசாரணை, வாக்கெடுப்பு. மற்ற ஊர்களுக்கு இந்தச் சக்கரத்தை அப்படியே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் திரண்டு வருவது கடைசிக் கூட்டத்துக்கு. அதற்குள் வரவும் செலவும் சரிக்கட்டப்பட்டிருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கனவே உள்ள ஒன்றை வெட்ட வேண்டும், அதை அந்த இரவில் எந்தக் கவுன்சிலரும் விரும்ப மாட்டார். முன்னுரிமைக் கூட்டத்திலும் பயிலரங்கிலும்தான் வரைவு இன்னும் இளகிய நிலையில் இருக்கும். இவை பெரும்பாலும் வேலைநாள் பகலில் நடக்கும், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அரைநாள் விடுப்பு எடுத்துப் போங்கள். ஜூன் இரவில் நாற்பது பேரில் ஒருவராக நிற்பதைவிட பிப்ரவரியில் மூன்று பேரில் ஒருவராக உட்கார்ந்திருப்பது எனக்குப் பல மடங்கு பலன் தந்திருக்கிறது.

வரைவை எழுதுவது யார் என்பதும் முக்கியம். டாலஸ், ஃபீனிக்ஸ், சான் ஹோசே போன்ற ஊர்களில் கவுன்சில் நியமிக்கும் சிட்டி மேனேஜர்தான் எழுதுவார். நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டனில் மேயர். முதல் வகை ஊரில் துறைத் தலைவருக்கும் மேனேஜருக்கும் உங்கள் மடல் முன்னமே போயிருக்க வேண்டும். இரண்டாம் வகையில் மேயர் அலுவலகத்துக்கு.

சரி, பட்ஜெட் புத்தகம். சில நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். முன்னுரையாக இருக்கும் பட்ஜெட் செய்திக் கடிதம், பொது நிதிச் சுருக்கம், உங்கள் பிரச்சினைக்குரிய துறையின் பக்கங்கள், சாலை, கட்டடம் போன்ற கட்டுமான வேலைகளைச் சொல்லும் மூலதனத் திட்டப் பட்டியல் ஆகிய நான்கை மட்டும் பாருங்கள். படிக்கும்போது மனதில் இரண்டு கேள்வி இருந்தால் போதும்.

முதல் கேள்வி, இது எந்தப் பையிலிருந்து வரும் பணம்? சொத்து வரியும் விற்பனை வரியும் பொது நிதிக்குப் போகின்றன. காவல், தீயணைப்பு, பூங்கா, நூலகம் எல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான். தண்ணீர், கழிவுநீர்க் கட்டணங்கள் தனிப் பை. "தண்ணீர்த் துறையிடம் இவ்வளவு பணம் சும்மா கிடக்கிறதே, நூலகத்துக்குக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218-ஆம் பிரேரணைப்படி அப்படி மாற்றுவது மாநில அரசியல் சட்டத்துக்கே எதிரானது. பாவம், அவர் பேச்சு அந்த ஒரு வரியோடு செத்துப்போனது. இன்னொரு பை மத்திய அரசிடமிருந்து வருவது. 1974 முதல் இருக்கும் சமூக மேம்பாட்டு மானியம், முக்கியமாக வருமானம் குறைந்த பகுதிகளுக்கானது. அதற்குத் தனியாகப் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று விதி. அதற்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் பகுதி அதற்குத் தகுதியானது என்றால் அங்கே முதலில் போங்கள்.

இரண்டாம் கேள்வி, இது ஒருமுறைச் செலவா, தொடர் செலவா? கிராஸ்வாக் ஒருமுறைச் செலவு. நூலகத்தை ஞாயிறும் திறப்பது வருடா வருடம் சம்பளம். ஒரு வருடம் உபரி வந்தது என்று காட்டி தொடர் செலவைக் கேட்டால் நிதித் துறை உடனே தடுக்கும், அது நியாயமும்கூட. தொடர் செலவைக் கேட்கிறவர்கள் 'ஆறு மாதச் சோதனை' என்று கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் ஊரில் மக்கள் பங்கேற்பு பட்ஜெட் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் தொடங்கிய முறை இது. 2009-இல் சிகாகோவின் 49-ஆவது வார்டுக்கு வந்தது. 2008-இல் திவால் மனு போட்ட கலிஃபோர்னியாவின் வயேஹோ, 2012-இல் ஊர் முழுவதற்கும் இதைக் கொண்டுவந்த முதல் அமெரிக்க நகரமானது. குடியிருப்பவர்களே திட்டங்களை முன்வைத்து, அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பல இடங்களில் குடியுரிமை கேட்பதில்லை, பதின்ம வயதுப் பிள்ளைகளும் வாக்களிக்கலாம். கிராஸ்வாக் மாதிரி விஷயங்களுக்கு இது குறுக்கு வழி.

ஒரே ஒரு கோரிக்கை

தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்றால் நம் வாயில் முதலில் வருவது "ஸ்டாப் சைன் போடுங்கள்" என்பதுதான். போக்குவரத்துப் பொறியாளர் வைத்திருக்கும் மத்திய அரசுக் கையேடு, வேகத்தைக் குறைப்பதற்காக ஸ்டாப் சைன் போடக் கூடாது என்கிறது. எத்தனை வண்டி வருகிறது, எத்தனை விபத்து நடந்தது, ஓட்டுநருக்குப் பார்வை மறைகிறதா என்று பார்த்துத்தான் அது தீர்மானிக்கப்படும். ஆக, நீங்கள் ஸ்டாப் சைன் கேட்டால் 'இல்லை' என்ற பதில் தயாராக இருக்கிறது. வண்டிகள் வேகமாகப் போகின்றன என்பது பிரச்சினை, ஸ்டாப் சைன் என்பது உங்கள் யோசனை. பிரச்சினையைச் சொல்லி ஆய்வு கேளுங்கள். வேகத்தடை, குறுக்கிய திருப்பம், ஒளிரும் விளக்குள்ள கிராஸ்வாக் என்று என்னென்ன வழி உண்டு என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

கோரிக்கை ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். யார், என்ன, எப்போதுக்குள். "பூங்காவின் பின்வாசலில் கிராஸ்வாக் தேவையா என்று ஆய்வு செய்து, மே மாதப் பயிலரங்குக்குள் அறிக்கை தரும்படி ஊழியர்களுக்கு உத்தரவிடுங்கள்." இப்படிக் கேட்டால் ஒரு கவுன்சிலர் அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட முடியும். "பாதுகாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஒன்றும் நடக்காது.

ஆமாம், பின்வாசல். முன்வாசல் சாலை மாநிலத்துடையது என்று ஆன பிறகு, ஊர்த் தெருவில் இருக்கும் பின்வாசலுக்கு மாறினோம். ஆதாரம் வேண்டுமே என்று ஒரு சனிக்கிழமை காலை, விசிட்டர் விசாவில் வந்திருந்த என் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து, கடந்து போகிறவர்களை ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்து எண்ணினார். ஸ்ட்ரோலர் தள்ளி வருகிறவர்களுக்குத் தனிப் பத்தி. பொறியாளர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "எந்த நேரத்துக்கும் எந்த நேரத்துக்கும் இடையில்?" என்று கேட்டார். மாமியார் அதையும் எழுதி வைத்திருந்தார்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம்

நிகழ்ச்சி நிரலை, அதாவது அஜெண்டாவை, பாருங்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாகவும் சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவும் அது வெளியாக வேண்டும். கிளார்க் அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிட்டால் தானாக வரும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஊழியர் அறிக்கை என்று ஒன்று இருக்கும். அதில் பரிந்துரையையும் நிதித் தாக்கம் என்ற பகுதியையும் படியுங்கள். கவுன்சிலர்கள் பெரும்பாலும் அந்தப் பரிந்துரையை ஒட்டியே வாக்களிப்பார்கள்.

நிரலில் 'கன்சென்ட்' என்ற தலைப்பில் பத்து இருபது பொருள்கள் வரிசையாக இருக்கும். ஒப்பந்தங்கள், வழக்கமான ஒப்புதல்கள் எல்லாம் விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் நிறைவேறிவிடும். பெரிய தொகைகளும் சத்தமில்லாமல் இதில் போகும். உங்களுக்கு வேண்டியது அங்கே இருந்தால், அதைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி ஒரு கவுன்சிலரை முன்கூட்டியே கேளுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு யோசித்துக்கொண்டிருந்தால் அது முடிந்திருக்கும். பேசப் பெயர் கொடுக்கும் சீட்டையும் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

நிரலில் இல்லாத விஷயம் என்றால் பொதுக் கருத்து நேரத்தில் பேசலாம். ஆனால் அப்போது கவுன்சில் பதில் விவாதம் செய்யாது. கலிஃபோர்னியாவில் நிரலில் இல்லாததை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் விடாது. சின்ன விளக்கம் கேட்கலாம், ஊழியர்களிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று புதிதாகப் போகிறவர்கள் மனம் நொந்துபோகிறார்கள். அது அலட்சியம் இல்லை.

அப்புறம், உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி பதினைந்து நிமிடம் கேளுங்கள். வார்டு இல்லாத ஊர் என்றால் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை நாம் செய்யத் தயங்குகிறோம், ஏதோ சிபாரிசு பிடிப்பது போல. இங்கே அது அவர்களுடைய வேலை. ஒரே ஒரு விஷயத்தில் கவனம். ஒரு கவுன்சிலர் என்ன நினைக்கிறார் என்பதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லாதீர்கள். பெரும்பான்மைக் கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வெளியே, தூதர் மூலமாகக்கூட, ஒரு விஷயத்தைப் பேசி முடிப்பதைத் திறந்த கூட்டச் சட்டங்கள் தடுக்கின்றன. அந்தத் தூதராக நீங்கள் ஆக வேண்டாம்.

எழுதி அனுப்புவதை அவர்கள் குறிப்பிடும் கெடுவுக்குள் கிளார்க்குக்கு அனுப்புங்கள். அது பொது ஆவணமாகிவிடும், யாரும் படிக்கலாம். எனவே தொலைபேசி எண், பிள்ளைகளின் பெயர், பள்ளி வகுப்பு இதெல்லாம் அதில் வேண்டாம்.

அந்த இரவு

பேச விரும்புகிறவர்கள் நிரப்பும் சீட்டு வாசலில் இருக்கும். சில ஊர்களில் இணையத்தில் முன்பே பதிய வேண்டும், சிலவற்றில் வீட்டிலிருந்தே ஜூம் வழியாகப் பேசலாம். நேரில் போவதே நல்லது என்பது என் கட்சி. தாழ்வாரப் பேச்சு ஜூமில் கிடைக்காது. கூட்டம் இழுத்துக்கொண்டே போகும், பதினோரு மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பொதுவாக மூன்று நிமிடம். கூட்டம் அதிகமென்றால் இரண்டு, சில நேரம் ஒன்று என்று அங்கேயே குறைத்துவிடுவார்கள். அதனால் கோரிக்கையை முதல் இருபது விநாடியில் சொல்லிவிடுங்கள். நம் பழக்கம், வணக்கம் சொல்லி, பின்னணி சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வருவது. இங்கே விஷயத்துக்கு வரும்போது சிவப்பு விளக்கு எரிந்துவிடும். எழுதி வைத்துக்கொண்டு கடிகாரம் பார்த்து வாசித்துப் பழகுங்கள். ஒரு நிமிட வடிவம் ஒன்றும் பையில் இருக்கட்டும். நாங்கள் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது, ஆங்கிலத்தில்:

"மேயர் அவர்களே, கவுன்சிலர்களே, பூங்காவின் பின்வாசல் தெருவில் குடியிருக்கிறேன். அங்கே கிராஸ்வாக் ஆய்வு ஒன்றை இந்த ஆண்டின் வேலைத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்டு வந்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை கடந்தவர்களின் கணக்கு உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. அருகிலுள்ள கிராஸ்வாக்குக்குப் போய்த் திரும்ப ஒன்பது நிமிடம் ஆகிறது, நடந்து பார்த்தேன். இது ஒருமுறைச் செலவு. மூலதனத் திட்டத்தில் பாதசாரிப் பாதுகாப்புக்கென்று ஏற்கனவே ஒரு தலைப்பு இருக்கிறது, அதன்கீழ் வரலாம் என்று நினைக்கிறேன். மே பயிலரங்குக்குள் அறிக்கை தரச் சொல்ல முடியுமா?"

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் அதையே சொல்லாதீர்கள். ஒருவர் கோரிக்கை, ஒருவர் கணக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் அனுபவம். மற்றவர்கள் பேசுகிறவர் சொல்லும்போது எழுந்து நின்றால் போதும். ஊழியர்களைப் பெயர் சொல்லித் தாக்காதீர்கள். நாளைக்கு ஆய்வு செய்யப் போவது அவர்கள்தான். எதிர்த்துப் பேச வருகிறவரும் இருப்பார், நமக்கு அங்கேயே பதில் சொல்ல இடம் இருக்காது. அவரிடம் வெளியே போய்ப் பேசுங்கள். எங்கள் தெருவில் எதிர்த்தவருக்குத் தன் வீட்டு முன்னால் கார் நிறுத்த இடம் போய்விடும் என்ற கவலை. கிராஸ்வாக் கோட்டைப் பத்தடி தள்ளி வைத்ததும் தீர்ந்தது.

பிறகு

மறுநாள் காலை கவுன்சிலருக்கும், அவர் யாரிடம் ஒப்படைத்தாரோ அந்த ஊழியருக்கும் நான்கு வரி மின்னஞ்சல். என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள், அடுத்த தேதி எது. கூட்டக் குறிப்பில் உங்கள் கோரிக்கை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவசரச் சட்டம் தவிர்த்த உள்ளூர்ச் சட்டங்கள் பல ஊர்களில் இரண்டு முறை வாசிக்கப்பட்ட பிறகே நிறைவேறும், அதனால் முதல் வாக்கில் ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டாம் வாசிப்பின் தேதியைக் குறித்து வையுங்கள்.

பட்ஜெட்டில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பட்ஜெட்டில் ஏறுவது பணத்துக்கு அனுமதி மட்டும்தான். வடிவமைப்பு, டெண்டர், ஒப்பந்தக்காரர் என்று இழுக்கும், ஒதுக்கிய பணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும், ஊழியர் மாறிப்போவார். திட்ட எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்று ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் விஷயத்தில் அது எனக்கு மறந்துபோகவே வழியில்லாமல் இருந்தது. மாமியார் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் பேரனை விசாரித்த கையோடு, "மாப்பிள்ளை, அந்தக் கோடு போட்டாச்சா?" என்பார். பதினான்கு மாதம் "இன்னும் இல்லைங்க அத்தை" என்று சொன்னேன். பதினைந்தாவது மாதம், போனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தே போய் கேமராவைத் தரைப்பக்கம் திருப்பினேன்.